குளவி மண் வைத்த குழாய்

மூன்று வாரம் மூச்சை இழுத்து விட்டால் ஒரு மனிதனின் நெஞ்சு அறுவைச் சிகிச்சையைத் தாங்கும் அளவுக்கு வலுப்பட்டுவிடுமா என்று உன் கடிதத்தில் கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரியாது. நான் விலங்கியல் படித்தவள். இருபத்திரண்டு வருடமாகத் திண்டிவனத்தில் பெண்கள் பள்ளியில் சுவாச மண்டலம் பாடம் நடத்துகிறவள். கண்ணாடிச் சாடிக்குள் இரண்டு பலூன்களைத் தொங்கவிட்டு, அடியில் கட்டிய ரப்பர் தாளை இழுத்துக் காட்டி, இதுதான் மூச்சு என்று எத்தனையோ பெண்களுக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் உன் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. நாளைக்கு அப்பா மாடிப்படி ஏறப்போகிறார். நன்றாக ஏறிவிட்டால் அது பயிற்சியால்தானா, பயிற்சி இல்லாமலே ஏறியிருப்பாரா என்று சொல்ல இன்னோர் அப்பா வேண்டும், பயிற்சியே செய்யாத அப்பா. ஒப்பிட்டுப் பார்க்க நம்மிடம் அப்படி ஒருவர் இல்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. சாப்பிட்டுவிட்டு அப்பா முன்னறையில் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். தூங்கவில்லை. விலாவின்மேல் கையை வைத்துக்கொண்டு எண்ணுகிறார் என்பது உதடு அசைவதில் தெரிகிறது. நாளைக் காலை பாசஞ்சரில் சென்னைக்குப் போகிறோம். மூன்று வாரத்துக்கு முன்னால் அங்கே டாக்டர் சொன்னது இதுதான்: வலது நுரையீரலின் மேல் பகுதியில் இருக்கும் கட்டியை வெட்டி எடுக்கலாம், ஆனால் இப்போது இருக்கிற மூச்சோடு மேசையில் படுக்க வைத்தால் எழுந்திருப்பாரா என்பது சந்தேகம். புகை பிடிப்பதை அன்றைக்கே நிறுத்த வேண்டும். மூச்சுப் பயிற்சி செய்ய வேண்டும். மூன்று வாரம் கழித்து இரண்டு மாடி ஏறிக் காட்ட வேண்டும். ஏறினால் கத்தி வைப்பார். ஏறாவிட்டால் கரண்டு என்கிற கதிர்ச் சிகிச்சை வைத்துப் பார்ப்பார்கள், அதில் பெரிய நம்பிக்கை வைக்க வேண்டாம் என்றும் சொன்னார். அன்று அப்பா முதல் மாடிக்குப் போவதற்குள் நான்கு முறை நின்றார். லீவு போட்டுக்கொண்டு வரட்டுமா என்று நீ கேட்டதற்கு நாளைக்குத்தான் பதில் எழுத முடியும். அதற்குள் மற்றதை எழுதிவிடுகிறேன். சென்ற வாரம் நான் எழுதிய பத்து வரியில் நோயின் பெயரும் ஆஸ்பத்திரியின் விலாசமும் மூன்று வார மூச்சுப் பயிற்சியும் தவிர வேறொன்றும் இல்லை. எனக்கு எதிரான விஷயங்களை எல்லாம் விட்டுவிட்டேன்.

முதல் தவறிலிருந்து தொடங்குகிறேன். பொங்கலுக்கு முன்பே அப்பாவுக்கு இருமல் இருந்தது. ரயில்வேயில், குட்ஸ் வண்டியில் கார்டாகப் பதினைந்து வருடம், பாசஞ்சரில் எட்டு வருடம், கடைசிப் பெட்டியில் உட்கார்ந்து கரிப்புகையும் சிகரெட் புகையும் சேர்ந்து குடித்த நெஞ்சு. இருமல் எங்கள் வீட்டில் புதிதல்ல. கைக்குட்டையில் ரத்தம் பார்த்த அன்று நான்தான் டாக்டரிடம் அழைத்துப்போனேன். விழுப்புரத்து டாக்டர் காசமாக இருக்கலாம் என்றார். இருக்கலாம் என்று அவர் சொன்னதை வீட்டுக்கு வருவதற்குள் நான் காசம்தான் என்று ஆக்கிவிட்டேன். அதற்கு ஊசி இருக்கிறது, மருந்து இருக்கிறது, குணமாகும் என்று புத்தகத்தில் இருக்கிறது. எனக்குத் தெரிந்த நோயாக அது இருந்தது. கண்டமங்கலத்திலிருந்து உன் பெரியப்பா மல்லாட்டைக் கடலை மூட்டையோடு வந்தபோது, "ஏம்மா, ஊசி போட்டுக்கினே கீறாங்க, ஆளு எளைச்சிக்கினே போறான். ஒரு எட்டு மெட்ராசுக்கு இட்டுக்கினு போயி காட்டிடலாமே" என்றார். படிக்காத மனிதரின் பதற்றம் என்று நினைத்தேன். "ஊசி முடியட்டும் மாமா" என்றேன். நான்கு மாதம் போயிற்று. எந்தக் கருத்தையும் ஆதாரம் இல்லாமல் ஏற்காதே என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவள், எனக்கு வசதியான கருத்துக்கு மட்டும் ஆதாரம் கேட்கவில்லை.

இரண்டாவது தவறில் நான் தனியாக இல்லை. சென்னையில் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்து, சதையைக் கிள்ளிச் சோதித்து, முடிவு வந்த அன்று டாக்டர் அப்பாவை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு என்னையும் பெரியப்பாவையும் உள்ளே கூப்பிட்டார். நோய் யாருடைய உடம்பில் இருக்கிறதோ அவரைத் தவிர மற்ற எல்லாருக்கும் சொல்வது நம் ஊர் வழக்கம். அதை நான் அதற்கு முன் யோசித்துப் பார்த்ததில்லை. தாழ்வாரத்துக்கு வந்ததும் பெரியப்பா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அவங்கிட்ட சொல்லாத மா. சொன்னா இன்னிக்கே படுத்துடுவான். நான் சின்ன வயசுலருந்து பாக்கறவன்" என்றார். நான் ஒப்புக்கொண்டேன். பழைய சீழ் கட்டியிருக்கிறது, அதை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று அப்பாவிடம் சொன்னேன். பொய்யை நான் நன்றாகவே சொன்னேன். வகுப்பில் சொல்வதுபோல நிதானமாக, படம் போட்டுக்கூடக் காட்டினேன். "அப்டியா" என்று கேட்டுக்கொண்டார்.

அதன் பிறகு மூச்சுப் பயிற்சி சொல்லித்தரும் அம்மாவிடம் அனுப்பினார்கள். நாகர்கோவில் பக்கத்துப் பேச்சு, என் வயதுதான் இருக்கும். ஒரு துண்டை அப்பாவின் அடிவிலாவைச் சுற்றிக் கட்டி, இரண்டு முனையையும் அவர் கையிலேயே கொடுத்து, மூச்சை இழுக்கும்போது துண்டை விலாவால் தள்ள வேண்டும், விடும்போது கையால் இறுக்க வேண்டும் என்றார். மூக்கால் இழுத்து, விளக்கை அணைக்காமல் சுடரை அசைப்பதுபோல உதட்டைக் குவித்து மெதுவாக விட வேண்டும். தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமிப் பழக வேண்டும். இரண்டு புட்டிகளைக் குழாயால் இணைத்து, ஒன்றில் பாதி தண்ணீர் விட்டு, வாயால் ஊதி அந்தத் தண்ணீரை மற்றதற்கு அனுப்ப வேண்டும், விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்குப் பத்து தடவை. அந்த அம்மா பேசிக்கொண்டேயிருக்க, நான் மனத்துக்குள் வாதாடிக்கொண்டிருந்தேன். வளர்ந்த மனிதனுக்கு நுரையீரலில் புதிதாகக் காற்றறை முளைக்காது. இருக்கிறதுதான் இருக்கிறது. ஊதி ஊதி அதை எப்படிப் பெருக்க முடியும்? தலையை ஆட்டிக்கொண்டேன். ஆனால் என் முகம் உனக்குத் தெரியும்.

உனக்குப் பதினொரு வயதில் காது வலி வந்தது நினைவிருக்கிறதா? பெரியப்பா வீட்டாரோடு அமாவாசைக்கு மேல்மலையனூர் போய்விட்டு, காதுக்குப் பின்னால் சாம்பல் பூசிக்கொண்டு ஓடிவந்து, "அம்மா, வலியே இல்லம்மா இப்ப" என்றாய். நான் திட்டவில்லை. புருவத்தை மட்டும் உயர்த்தினேன். நீ சட்டைக் கையால் சாம்பலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாய். மறுபடியும் வலி வந்தபோது நீ என்னிடம் சொல்லவில்லை. சீழ் வடிந்து தலையணை நனைந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இடது காது உனக்கு இன்றுவரை மந்தம். கோயில் சாம்பலால் காது குணமாகாது என்று நான் இன்றும்தான் சொல்வேன், அதில் மாற்றமில்லை. ஆனால் என் புருவத்துக்குப் பயந்து ஒரு பிள்ளை வலியை மறைக்கும்படி ஆனது. சரியாக நினைப்பது மட்டும் போதும் என்று நான் அந்நாளில் நம்பினேன். நீ ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு குடித்தனம் நடத்தும்போது, உன்னிடம் ஒருவர் ஆசையோடு எதையாவது சொல்ல வந்தால், முதலில் கடைசிவரை கேள். தவறென்று சொல்ல நேரம் இருக்கும். என் முகவாகு உனக்கும் வந்திருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

நம்பிக்கை இல்லாவிட்டாலும் வேலையை ஒழுங்காகச் செய்தேன், அது என் குணம். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் அகலவாய்ப் புட்டிகள் இரண்டை எடுத்து, இரட்டைத் துளைத் தக்கை போட்டு, கண்ணாடிக் குழாயை விளக்கில் வாட்டி வளைத்து, ரப்பர் குழாயால் இணைத்தேன். ஆய்வகத்தைப் பெருக்கித் துடைக்கும் குப்பம்மா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்று பார்த்தாள்.

"இன்னா டீச்சர் இது, சாய்பு வூட்டு ஹூக்கா மாதிரி கீது? வூட்டுக்காரருக்கு சிகரெட் போதலியா?"

"பாடத்துக்கு" என்றேன். அது அந்த வாரத்தில் நான் சொன்ன இரண்டாவது பொய். அவள் நம்பவில்லை. பழந்துணி கொண்டுவந்து புட்டிகளைச் சுற்றிக் கட்டி, "ரயில்ல ஒடஞ்சிடப் போவுது, மடியில வெச்சிக்கினு போங்க" என்றாள். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் முன்னறை ஜன்னல் விளிம்பில் புட்டிகளை வைத்தேன். தண்ணீரில் இரண்டு சொட்டு சிவப்பு மசி விட்டு, மட்டம் தெரியக் காகிதத் துண்டு ஒட்டினேன். பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம். ஊதும் ஒவ்வொரு தடவையும் நேரத்தை எழுதிவையுங்கள் என்றேன். கார்டு வேலையில் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வண்டி வந்த நேரம், விட்ட நேரம், தாமதமானால் காரணம் எல்லாம் எழுதுவது அவர் வழக்கம். இருபத்துமூன்று வருடத்தில் ஒரு நிமிடம்கூட அவர் மாற்றி எழுதியதில்லை என்று ஸ்டேஷனில் சொல்வார்கள். நான் காலையில் பள்ளிக்குப் போய்விடுவேன், அவர் மருத்துவ விடுப்பில் வீட்டில் இருந்தார். சாயங்காலம் வந்து நோட்டைப் பார்ப்பேன். 9.07, 10.04, 11.12 என்று வரிசையாக இருக்கும். எனக்குத் திருப்தி. பயனில்லாத வேலையென்றாலும் ஒழுங்காக நடக்கிறதே என்ற திருப்தி. எட்டு நாள் இப்படிப் போயிற்று.

ஒன்பதாம் நாள் பள்ளி அரைநாளோடு முடிந்தது. இரண்டு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்பா இல்லை. ஸ்டேஷன் பக்கம் போயிருப்பார். தண்ணீரை மாற்றிவைக்கலாம் என்று ஜன்னலண்டை போனேன். வாயில் வைத்து ஊதுகிற குழாயின் நுனியில் மண். தொட்டுப் பார்த்தேன், காய்ந்து இறுகியிருந்தது. மண்குளவி. அது எப்படி வேலை செய்யும் என்று எனக்குத் தெரியாதா? ஆளரவம் இல்லாத துளையாகப் பார்க்கும், புழுக்களைக் கொட்டி மயக்கிக் கொண்டுவந்து உள்ளே அடுக்கும், முட்டையிட்டு மண்ணால் மூடும். மூடி, காய்ந்து, இவ்வளவு இறுக வேண்டுமானால் குறைந்தது இரண்டு நாள் அந்தக் குழாயை யாரும் தொட்டிருக்கக் கூடாது. நோட்டைத் திறந்தேன். அன்று காலையில் மட்டும் ஐந்து பதிவு இருந்தது. முழு மணியாக எழுதினால் சந்தேகம் வரும் என்று தெரிந்த கை, நிமிடங்களை முன்னும் பின்னுமாக நகர்த்தி எழுதியிருந்தது.

அப்பா நான்கு மணிக்கு வந்தார். செருப்பைக் கழற்றும்போதே இரைப்பு. "சீக்கிரமே வந்துட்டியா?" என்றார்.

"இன்னிக்கு எத்தனை தடவை ஊதினீங்க?"

"நோட்டுல கீதே."

"குழாயைப் பாருங்க."

போய்ப் பார்த்தார். குனிந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, நன்றாகப் பார்த்தார். சிரித்துவிட்டார். "குளவிக்கு ஜல்தியா வீடு கெடச்சிடுச்சி. நம்ம ஆளுங்க குவார்ட்டர்ஸ் கேட்டு எத்தினி வருஷம் நிக்கறாங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நோட்டை நீட்டினேன். "வண்டி நேரத்தை ஒரு நிமிஷம் மாத்தி எழுதாத மனுஷன் இதுல பொய் எழுதலாமா? எனக்காகவா எழுதச் சொன்னேன்?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சைச் சமன்படுத்திக்கொண்டார். பிறகு சொன்னார்: "சீழ் கட்டிக்கு எதுக்கு டீச்சரம்மா இவ்ளோ ஊதணும்?"

நீட்டிய நோட்டை மடக்கிக்கொண்டேன்.

"மெட்ராஸ்ல எக்ஸ்ரே ரூமுக்குப் போங்கன்னு சீட்டை என் கையிலதான குடுத்து அனுப்புனாங்க? கையில குடுத்த பேப்பரைப் படிக்காம வண்டி எடுக்கற கார்டு எவனாவது உண்டா? இங்கிலீஷ்ல நாலு வரி. மூணாவது வரியில இருந்தது."

முதல் நாளிலிருந்தே அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் கரும்பலகைப் படம்போல் சீழ்க்கட்டியை வரைந்து காட்டியபோதும் தெரிந்துதான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்றேன். "அண்ணனும் நீயும் அவ்ளோ கஷ்டப்பட்டு மறைக்கறீங்க. கெடுப்பானேன்னு உட்டுட்டேன்" என்றார்.

அப்போதுதான் அந்த வார்த்தையை முதன்முதலாக வீட்டுக்குள் சொன்னேன். புற்றுநோய் என்றேன். அவர் தலையை ஆட்டினார். "எவ்ளோ நாளு சொன்னாங்க?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "தெரியாதுன்னு உன் வாயால நான் கேட்டதே இல்ல, இந்த இருபத்தஞ்சு வருஷத்துல" என்றார். அதைக் குத்தலாகச் சொல்லவில்லை, ஏதோ புதிய ஸ்டேஷனைப் பார்ப்பவர்போலச் சொன்னார்.

பிறகு காரணத்தையும் சொன்னார். மூச்சு தேறாவிட்டால் டாக்டர் கத்தி வைக்க மாட்டார் அல்லவா? கத்தி வேண்டாம் என்று எங்களிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சொன்னால் பெரியப்பா அழுவார், நான் வாதாடுவேன். அதனால் ஊதாமலே இருந்துவிடுவது என்று முடிவு செய்திருக்கிறார். படி ஏற முடியவில்லை என்றால் யார் மேலும் குற்றமில்லை, அதுபாட்டுக்கு நடந்ததாக இருக்கும். உண்மையை மறைத்த ஒரே பொய்யால் நான் அவருக்கு இதைத்தான் செய்திருந்தேன்: வேண்டாம் என்று சொல்லும் உரிமையைக்கூட அவர் திருட்டுத்தனமாகப் பயன்படுத்த வேண்டியதாயிற்று.

"அதுவும் இல்லாம," என்றார், "அந்தம்மா சொல்லிக் குடுக்கும்போது உன் மூஞ்சியப் பாத்தேன். இதெல்லாம் வெட்டி வேலைன்னு எழுதி ஒட்டியிருந்தது. படிச்சவ நீயே நம்பல, நான் எதுக்கு ஊதிக்கினு கெடக்கணும்?"

"நுரையீரல் ஊதினால் வளராது. அதைத்தான் நினைச்சேன்."

"வளராதுன்னுதான அந்தம்மாவும் சொன்னாங்க. நீ கேக்கலியா?"

நான் கேட்கவில்லை. தம்பி, நான் மனத்துக்குள் வாதாடிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா சொன்னதை உன் அப்பாதான் எனக்குத் திருப்பிச் சொன்னார், ஆய்வகப் புட்டியின் முன்னால் உட்கார்ந்துகொண்டு. ஊதுவது நுரையீரலைப் பெரிதாக்க அல்ல. சிகரெட் பிடிப்பவன் மேல் நெஞ்சால் மட்டும் மூச்சு விட்டுப் பழகியிருப்பான், அடியில் இருக்கும் பாகம் சும்மா கிடக்கும், அதை எழுப்ப வேண்டும். விலாவைத் திறந்து தைத்த பிறகு மூச்சு இழுத்தாலே வலிக்கும், இருமினால் உயிர் போகும். வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விட்டால் சளி கட்டிக்கொள்ளும், மிச்சம் விட்டுவைத்த நுரையீரலும் அடைந்துபோகும், காய்ச்சல் வரும். பலர் கத்தியால் சாவதில்லை, அதற்கு அடுத்த நான்கு நாளில் இருமாமல் சாகிறார்கள். "வலிக்கும்போது புதுசா ஒண்ணும் கத்துக்க முடியாது, அதனால இப்பவே ஒடம்புக்குக் கத்துக் குடுத்து வெச்சிடணும், அப்புறம் அது தானா செய்யும்னாங்க" என்றார். எவ்வளவு தெளிவு. நான் இருபத்திரண்டு வருடம் நடத்திய பாடத்தில் இது இல்லை. கேட்டவர் செய்யவில்லை. செய்யச் சொல்லி நோட்டுப் போட்டவள் கேட்கவில்லை.

அன்று நான் ஒன்றுதான் சொன்னேன். கத்தி வேண்டாம் என்றால் வேண்டாம், டாக்டரிடம் நேராகச் சொல்லிவிடலாம், பெரியப்பாவிடம் நானே பேசுகிறேன், வாதாட மாட்டேன். ஆனால் நோட்டில் பொய் எழுத வேண்டாம். "யோசிக்கறேன்" என்றார். அவ்வளவுதான். வாதாடாமல் இருந்தது எனக்கு எவ்வளவு கடினமாக இருந்தது என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. அவர் பிழைக்க வேண்டும் என்பதைத் தவிர என் மனத்தில் வேறெதுவும் இல்லை, அதை மட்டும் சொல்லாமல் இருந்தேன். ஒருவேளை அதையாவது சொல்லியிருக்கலாம். நீ அந்த இடத்தில் இருந்தால் சொல்லிவிடு.

மறுநாள் காலை நான் எழுந்து வந்தபோது அவர் ஒரு சைக்கிள் கம்பியால் குழாயைக் குடைந்துகொண்டிருந்தார். பச்சைப் புழுக்கள் ஏழு, உயிரோடு, அசையாமல், ஒரு காகிதத்தில் வரிசையாக வைத்திருந்தார். "எடுத்துக்கினு போ, உன் பசங்களுக்குக் காட்டு. சாவுல, மயங்கித்தான் கெடக்குது" என்றார். குழாயை வெந்நீரில் கழுவி வாயில் வைத்து ஊதினார். சிவப்புத் தண்ணீர் கால் அங்குலம் நகர்ந்து நின்றுவிட்டது. அன்றைய நோட்டில் முதல் வரி: 6.20, கால் அங்குலம், இருமல். அதன் பிறகு அந்த நோட்டில் முழுதாக ஊதி முடித்ததாக ஒரு வரிகூட இல்லை. முடியவில்லை, தலை சுற்றியது, பாதியில் விட்டேன் என்றெல்லாம் இருக்கும். நான் அதை நம்பினேன்.

மீதி இருந்தது பன்னிரண்டு நாள். ஸ்டேஷன் மேம்பாலத்தைப் படியேறிப் பழகத் தேர்ந்தெடுத்ததும் அவர்தான். கீழே என்ஜின் நின்றால் புகை முழுதும் பாலத்துக்கு வரும். எந்த நேரத்தில் எந்தத் தண்டவாளம் காலியாக இருக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும். விடிந்ததும் ஒரு முறை, நான் திண்டிவனத்திலிருந்து வந்து இறங்கியதும் ஒரு முறை. விலாவைச் சுற்றித் துண்டு, நான் இரண்டு படி பின்னால். போர்ட்டர்கள் பார்த்துக்கொண்டேயிருந்தார்கள்.

"கார்டு சார், எந்த வண்டிக்கு இவ்ளோ அவசரம்? எல்லா வண்டியும் போயிடுச்சே."

"கடைசிப் பொட்டிக்காரன்டா நானு. வண்டி போனாலும் நான் வந்தாத்தான் பச்சைக்கொடி" என்றார். பேசியதற்கு அடுத்த மூன்று படியிலும் நின்று மூச்சு வாங்கினார். அவர்கள் சிரிக்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

தலையணையை அணைத்துக்கொண்டு இருமும் பயிற்சிக்கு நான் பின்னால் நின்று இரண்டு விலாவையும் கையால் பிடித்துக்கொள்வேன். இருபத்தைந்து வருடக் குடித்தனத்தில் அவர் எலும்புகளை நான் எண்ணிப் பார்த்ததில்லை. இப்போது எந்த விலா எங்கே அசைகிறது, எது அசையவில்லை என்று கை சொல்கிறது. வலப் பக்கத்தில் மேலே ஓரிடம் அசைவதே இல்லை. அது நாளைக்கும் அசையாது. அடியில், முன்பு சும்மா கிடந்த இடம், இப்போது துண்டைத் தள்ளுகிறது. நான் அளந்து பார்த்தேன், தையல் நாடாவால். ஒன்றேகால் அங்குலம் விரிகிறது. தொடங்கிய அன்று அரை அங்குலம். இது கத்தியைத் தாங்கப் போதுமா என்று எனக்குத் தெரியாது என்பதை முதலிலேயே எழுதிவிட்டேன்.

உனக்கு ஒரு விஷயம். சென்ற தீபாவளிக்கு நீ வந்திருந்தபோது உன் சட்டையைத் துவைக்கப் போட்டவள் நான். பையில் புகையிலைத் தூள் இருந்தது. நான் கேட்கவில்லை, நீ சொல்லவில்லை. இந்த வீட்டில் எல்லாரும் ஒருவரையொருவர் மதிப்பதாக நினைத்துக்கொண்டு வாய் திறக்காமல் இருக்கிறோம் என்று அப்பா நேற்றுச் சொன்னார். ஆகவே கேட்கிறேன்: எவ்வளவு பிடிக்கிறாய்? சிகரெட்டால்தான் இந்த நோய் வருகிறது என்று சில நாடுகளில் டாக்டர்கள் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். நான் படித்த வரைக்கும் வாதம் பலமாகத்தான் இருக்கிறது. நீ நம்ப வேண்டும் என்று சொல்லவில்லை, படித்துப் பார். பதில் எழுதும்போது உண்மையான எண்ணை எழுது, முன்னும் பின்னுமாக நகர்த்தாமல். என் புருவம் இங்கேதான் இருக்கும், அவ்வளவு தூரத்துக்கு வராது.

அப்பாவிடம், "அவன் வரட்டுமான்னு கேக்கிறான், என்ன எழுதட்டும்?" என்றேன். "நாளைக்குப் பாத்துட்டு எழுது. ஏறிட்டா வரட்டும். ஏறலன்னாலும் வரட்டும், ஆனா அதுக்கு அவசரம் இல்ல" என்றார். இதை அப்படியே எழுதச் சொன்னார். மணி மூன்றரை. அவர் நாற்காலியிலிருந்து எழுந்து ஜன்னலண்டை போகிறார். கடிதத்தை மூடாமல் வைக்கிறேன்.

திங்கட்கிழமை. சென்னையிலிருந்து திரும்பும் வண்டியில், செங்கல்பட்டு தாண்டி எழுதுகிறேன். எழுத்து ஆடுவதைப் பொறுத்துக்கொள்.

டாக்டரின் அறை இரண்டாவது மாடியில். "நான் மேலே நிற்கிறேன், நீங்கள் கீழிருந்து நிற்காமல் வாருங்கள்" என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே போய்விட்டார். அப்பா ஏறத் தொடங்கினார், நான் இரண்டு படி பின்னால். முதல் மாடி நிற்காமல் போயிற்று. இரண்டாவதில் பாதி போயிற்று. கடைசித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதட்டைக் குவித்து மூச்சை விட்டார். நான் எண்ணினேன், எட்டு மூச்சு. அந்த இடம் மேலேயிருந்து தெரியாது. பிறகு ஏறி முடித்தார்.

"நிற்காமல் வந்தீர்களா?" என்று டாக்டர் கேட்டார்.

நோட்டில் பொய் எழுத வேண்டாம் என்று சொன்னவள் நான். அந்த நொடியில் அவர் பொய் சொல்ல வேண்டும் என்று விரும்பினேன். என்னைக் கேட்டிருந்தால் ஆமாம் என்று நானே சொல்லியிருப்பேன்.

"இல்லீங்க. கடைசித் திருப்பத்துல ஒரு தடவை நின்னேன். எட்டு மூச்சு" என்றார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவர் தாளில் எழுதிக்கொண்டார். உள்ளே அழைத்துப்போய், மூச்சை அளக்க, தண்ணீரில் மிதக்கும் உருளையோடு இணைத்த குழாயில் மூன்று முறை ஊதச் சொன்னார். ஸ்டெதஸ்கோப்பை முதுகில் வைத்து நெடுநேரம் கேட்டார். எதிரில் உட்கார்ந்து, இந்த முறை அப்பாவைப் பார்த்தே பேசினார். மேல் பாகத்தை மட்டும் எடுத்தால் தாங்குவார், முழு நுரையீரலையும் எடுக்க நேர்ந்தால் தாங்க மாட்டார், எது என்பது திறந்து பார்த்தால்தான் தெரியும். பாகத்தோடு முடியாது என்று தெரிந்தால் தொடாமல் தைத்துவிடுவேன், சம்மதமா என்றார்.

அப்பா என் பக்கம் திரும்பவில்லை. "சம்மதம்" என்றார்.

புதன்கிழமை சேர்கிறோம். வெள்ளிக்கிழமை காலை அறுவை. நீ புறப்படு.